பதினோரு வீட்டு நம்பர்

— ஒரு வாரமா ஒரு வீட்டுல கூடவா கேஸ் தீரல? எப்படிடி அது?

— யார் வீட்டுலக்கா? முதல்ல மூலையை இறுக்கிப் பிடி, நழுவுது பாரு.

— எங்க தெருவுலதான். பதினோரு வீடு. மாசத்துக்கு எப்படியும் ஏழெட்டு சிலிண்டர் புக் பண்ணுவாங்க. அவங்க புக் பண்ணினா எனக்கு ஓடிபி வரும். இந்த வாரம் பாரு, சின்னப் போன் மூச்சே விடல.

— அக்கா, நீ நிக்கறது கடல் தாண்டி. ஹோட்டலோட அடித்தளத்துல, லாண்டரியில. எதிர்ல நானு, நடுவுல ஒரு பெட்ஷீட்டு. ஊர்ல எவ வீட்டு கேஸோ தீர்ந்தா ஓடிபி உனக்கு எதுக்கு வரணும்?

— உதறு. உதறிட்டுப் பேசு. நீ வந்து ஒரு மாசம் இருக்குமா?

— நாப்பது நாள் ஆச்சு. இன்னும் எல்லாரும் புதுசு புதுசுன்னுதான் கூப்பிடறீங்க.

— அடுத்த புதுசு வர்ற வரைக்கும் நீதான் புதுசு. கேளு. எங்க தெருவுலயே முதல்ல போன் வாங்கின பொம்பளை நான். பதினாறு வயசு. எட்டாவதோட பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வீட்டுல இருந்தவ, தையல் கம்பெனியில பட்டன் தைக்கப் போனேன். ஏழு மாசச் சம்பளத்துல பிடிச்சு வெச்சு ஒரு நீலக்கலர் போன் வாங்கினேன். அன்னையிலருந்து தெருவுல யார் எந்தப் படிவம் எழுதினாலும் போன் நம்பர்னு ஒரு கட்டம் வருமில்ல, அங்க என் நம்பர்தான்.

— கேக்காமயேவா?

— முதல்ல கேட்டாங்க. அப்புறம் கேக்கறதை விட்டுட்டாங்க. கேஸ், பேங்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, மாடி வீட்டு டீச்சரம்மாவோட பென்ஷன், கோழிக்கடைக்காரி பையனோட பரீட்சை ரிசல்ட்டு. எல்லாத்துக்கும் போன்காரி நம்பரைப் போடு, போன்காரி சொல்லுவா.

— உனக்கு எரிச்சலா இல்லையாக்கா?

— எரிச்சலா? பள்ளிக்கூடத்துல எட்டு வருஷம் கடைசி பெஞ்சு. பக்கத்துல உக்காந்தவளுக்கே என் பேரு பாதி நாள் ஞாபகம் வராது. அப்படிப்பட்டவ நம்பரை ஒரு தெருவே மனப்பாடமா ஒப்பிச்சா எப்படி இருக்கும்? பெருமைதான்டி. மடி. குறுக்கால மடி, நீளத்துல இல்ல.

— சரி. இப்ப அவங்க எல்லார்கிட்டயும்தான் போன் இருக்குமே. மாத்திக்கலாமில்ல?

— மாத்தணும்னா ஆபீஸுக்குப் போகணும், வரிசையில நிக்கணும், படிவம் எழுதணும். அதுக்குப் போன்காரியைக் கேட்டுட்டுப் போயிடலாமே! நான் கிளம்பற அன்னைக்கு பதினோரு வீடும் வாசல்ல நின்னு அழுதுச்சு. பாதி அழுகை எனக்கு. பாதி நம்பருக்கு. எங்க போனாலும் போ, நம்பரை மட்டும் விட்டுடாதங்கறாங்க.

— அதான் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வெச்சிருக்கியா அந்தச் சின்னப் போனை?

— பின்மூடி உடைஞ்சு போச்சு. பேட்டரி விழுந்துடும். நாலு வருஷமா மாசம் தவறாம ரீசார்ஜ் பண்றேன். இந்த நாட்டு நம்பர் பெரிய போன்ல. அது வேலைக்கு, விசில் சூப்பர்வைசருக்கு, ரூம் வாடகை வாங்கறவனுக்கு. ஊர் நம்பர் இதுல. இது எனக்கு.

— விசில்னு சொன்னதும் ஞாபகம் வருது. சூப்பர்வைசர் காலையிலருந்து இந்தப் பக்கமே வரலையே?

— வந்தா சீட்டியடிச்சுக்கிட்டேதான வருவாரு. நல்ல மனுஷன், வரேன் வரேன்னு சொல்லிட்டு வருவாரு. சத்தம் கேட்டதும் போனை டவலுக்கு அடியில தள்ளிடு.

— எங்க ரூம்ல எல்லாரும், ஊர் சிம்மைத் தூக்கிக் குப்பையில போடுங்கறாங்க. நாளைக்குக் கட் ஆயிடும், ரீசார்ஜ் பண்ணுன்னு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. பொட்டு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்.

— போடாத. இன்னைக்கே ரீசார்ஜ் பண்ணு.

— எனக்கு யாருக்கா ஓடிபி அனுப்பப் போறாங்க? எனக்கு ஒரு தெருவும் கிடையாது.

— உன் பேங்கு இருக்கில்ல? உன் சர்டிபிகேட்டு இருக்கில்ல? நாளைக்கு நீ திரும்பிப் போயி, நான்தான் நான்னு சொன்னா எவன் நம்புவான்? அந்த நம்பருக்கு ஆறு எண் அனுப்புவான். நீ அதைத் திருப்பிச் சொன்னாத்தான் நீ நீ. இல்லாட்டி நீ யாரோ.

— பயமுறுத்தாதக்கா. ஆமா, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். எப்பவும் ஏப்ரன் பாக்கெட்ல இருக்கற போனு, இன்னைக்கு ரெண்டையும் ட்ராலிக்குள்ள டவல் மேல படுக்க வெச்சிருக்கே. என்ன விஷயம்?

— எங்க அண்ணன் கூப்பிடுவான்.

— கூப்பிட்டா?

— வீட்டைக் கேப்பான்.

— எந்த வீடு?

— எங்க அம்மா வீடு. அம்மா பேர்ல இருக்கு. ரெண்டு ரூமு, ஒரு அடுப்படி. அடுப்படி ஜன்னலைத் திறந்தா பதினோரு வீட்டுக் கதையும் உள்ள வரும். அம்மா அங்கதான் இருக்காங்க. நான் எப்ப திரும்பினாலும் பெட்டியை இறக்கி வெக்கற இடமும் அதுதான். எனக்கு வேற இடம் கிடையாது. அண்ணன் அதை வித்துட்டு டவுனுக்குள்ள அடுக்குமாடியில ஒரு வீடு வாங்கறானாம். அம்மாவுக்கும் அங்க ஒரு ரூம் இருக்காம். லிஃப்டை ஒட்டின ரூம்.

— அம்மாவுக்குச் சம்மதமா?

— அம்மாகிட்ட அவன் கேக்கவேயில்ல. போன மாசம் ஒரு நாள், இதே இடத்துல தலையணை உறை மடிச்சுக்கிட்டு இருந்தேன். சின்னப் போன் கிர்ருன்னுச்சு. கேஸுன்னு நெனச்சு எடுத்தா, அம்மா பேரு, வீட்டு விற்பனைப் பதிவு, ஆறு எண். அம்மா பேர்ல இருக்கறதுக்கெல்லாம் என் நம்பர்தான? பதிவு ஆபீஸ் காகிதத்துலயும் அதே நம்பர்தான். அது அவனுக்கு மறந்து போச்சு.

— ஐயய்யோ!

— அடுத்த நிமிஷம் போன் பண்றான். பாப்பா, ஒரு ஓடிபி வந்திருக்கும் பாரு, வீட்டு வரி கட்டறதுக்கு, சீக்கிரம் சொல்லுன்னான். அம்மாகிட்டயும் வீட்டு வரின்னுதான் சொல்லிக் கூட்டிட்டுப் போயிருக்கான். எனக்கு எட்டாங்கிளாஸ் வரைக்கும்தான் படிப்பு. ஆனா விற்பனைக்கும் வரிக்கும் வித்தியாசம் தெரியும்.

— சொன்னியா?

— பத்து நிமிஷம் பேச்சுக் குடுத்தேன். சாப்பிட்டியா, மழை உண்டா, அண்ணி நல்லா இருக்காங்களா, குழந்தைக்குப் பல் முளைச்சாச்சா. பத்து நிமிஷம் முடிஞ்சதும் ஓடிபி செத்துப் போச்சு. அப்புறம்தான் மாட்டேன்னு சொன்னேன்.

— நீ பயங்கரமான ஆளுக்கா.

— அன்னையிலருந்து ஒரு மாசமா சண்டை. இன்னைக்கு மறுபடியும் அவனுக்குப் பதிவு நாள் குடுத்திருக்காங்களாம். அதான் போனைப் படுக்க வெச்சிருக்கேன். அடுத்த ஷீட்டை எடு. நாப்பது இருக்கு இன்னும்.

— எடுத்துட்டேன். அக்கா, பெரிய போன் அடிக்குது.

— அவன்தான். ஸ்பீக்கர்ல போட்டுட்டு வந்து மூலையைப் பிடி. டிரையர் சத்தத்துல வெளிய கேக்காது. நீ வாயைத் திறக்காத.

— பாப்பா, கேக்குதா?

— கேக்குதுண்ணே. சொல்லு.

— என்ன அங்க மில்லு ஓடற மாதிரி சத்தம்?

— டிரையர். எட்டு ஓடுது. சொல்லு.

— பதிவு ஆபீஸ்ல இருக்கேன். என் டோக்கன் பதினெட்டு, இப்ப ஒன்பது ஓடுது. வாங்கறவரு பொண்டாட்டி புள்ளைங்களோட வந்து உக்காந்திருக்காரு. பாப்பா, குடும்பம்னு வந்துட்டா வீம்பு கூடாது. உன் சின்னப் போனைப் பக்கத்துல வெச்சுக்கோ. எண் வந்ததும் சொல்லு.

— அம்மா எங்க?

— பக்கத்து நாற்காலியில. அவங்களே வந்துட்டாங்க, உனக்கென்ன?

— இன்னைக்கு என்ன வரி சொல்லிக் கூட்டிட்டுப் போனே?

— இன்னைக்கு உண்மையைத்தான் சொன்னேன். வீட்டை விக்கறோம், வாம்மான்னேன். சேலை மாத்திட்டு வந்து வண்டியில உக்காந்தாங்க. போதுமா? அவங்களுக்கே சம்மதம்.

— நீ கூப்பிட்டா அம்மா கிணத்துக்குள்ளயும் இறங்குவாங்க. அதுக்குப் பேரு சம்மதமா?

— அம்மாவை நான் தெருவுலயா விடப் போறேன்? லிஃப்டு இருக்கு, வாட்ச்மேன் இருக்கான், மழை வந்தா ஒழுகாது. நீ அங்க ஏசியில நின்னுக்கிட்டு எனக்குப் புத்தி சொல்றே.

— ஏசி மேல ரூம் எடுத்துத் தங்கறவங்களுக்கு. நான் நிக்கறது டிரையருக்குப் பக்கத்துல. இங்க வந்து அஞ்சு நிமிஷம் நின்னு பாரு, நீயே காஞ்சுடுவே.

— சரி, விடு. கூரையைப் பத்தி உனக்கென்ன தெரியும்? போன மழையில நாலு பாத்திரம் வெச்சேன். நீ இல்ல, நான்தான் வெச்சேன். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தா ராத்திரியில ஆட்டோ பிடிக்கறது யாரு? நீயா?

— நீதான். இல்லைங்கல. கூரையை மாத்தலாம், அதுக்கு நானும் கை குடுக்கறேன்னு மூணு வருஷமா சொல்றேன். கூரை ஒழுகுதுன்னு யாராவது அம்மாவோட தெருவையே விப்பாங்களாண்ணே?

— எண்ணைச் சொல்லுவியா, மாட்டியா?

— மாட்டேன்.

— அப்ப நான் சொல்றதைக் கேட்டுக்கோ. அந்த நம்பர் யாரோடது?

— என்னோடது. பதினாறு வயசுலருந்து.

— பேப்பரை எடுத்துப் பாரு. பதினாறு வயசுல உனக்கு ஏது அடையாள அட்டை? கடைக்குக் கூடவே வந்தது யாரு? கையெழுத்துப் போட்டது யாரு? நான். சிம் என் பேர்ல இருக்கு பாப்பா. பேசினதுதான் நீ.

— என் சம்பளத்துல வாங்கினது.

— சம்பளமெல்லாம் பேப்பர்ல வராது. காலையில கடைக்குப் போயி, சிம் தொலைஞ்சு போச்சு, வேற குடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் இங்க வந்திருக்கேன். புது சிம் என் போன்லயே இருக்கு. அரைமணி நேரத்துல உயிர் வந்துடுமாம். இதுக்கு உயிர் வந்ததும் உன்னோடது செத்துடும்.

— வேற வழியே தெரியலையாண்ணே?

— அம்மா நம்பரை மாத்த மனு போடலாம்னா இருபது நாள் ஆகுமாம். இவரு காத்திருக்க மாட்டாரு. அதனாலதான் இந்த வழி. பாப்பா, உன் நம்பரைப் பிடுங்கிக்க எனக்கும் ஆசையில்ல. எண் வந்ததும் சொல்றேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே கடைக்காரனுக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்றேன். நம்பர் உனக்கே. தெருவுக்கே ஓடிபி சொல்லிக்கிட்டு இரு.

— எடுத்துக்கோ.

— என்ன?

— நம்பரை எடுத்துக்கோன்னேன். வெச்சுடறேன், ஷீட்டு தரையில இழையுது.

— அக்கா! அக்கா, என்னக்கா பண்ணிட்டே? எடுத்துக்கோன்னு சொல்லிட்டியே!

— கையை விடாத. இழு.

— ஷீட்டா இப்ப முக்கியம்? உனக்கு ஒண்ணுமே இல்லையா? கெஞ்சியிருக்கலாமில்ல? சொல்றேன் சொல்றேன்னு இழுத்தடிச்சிருக்கலாமில்ல, போன தடவை மாதிரி?

— ஒரு தடவைதான் அப்படி ஏமாறுவான். சின்னப் போனைப் பாரு. கம்பி எத்தனை இருக்கு?

— மூணு.

— சீட்டிச் சத்தம் கேக்குது. டவலைப் போடு, டவலைப் போடு. நாப்பதுல எத்தனை ஆச்சு?

— பதினேழு. அப்படியே தாண்டி இஸ்திரிப் பக்கம் போயிட்டாரு. நம்ம பக்கம் திரும்பல.

— சரி, எடுத்துப் பாரு.

— அக்கா... கம்பி இல்ல. சேவை இல்லைன்னு வருது. போச்சுக்கா. செத்துப் போச்சு.

— குடு இப்படி.

— அழுவறியா?

— டிரையர் சூடு. இந்தா, இந்த ரப்பர் பேண்டைக் கழட்டிடு. இனி பேட்டரி விழுந்தா விழட்டும். என்னடி அப்படிப் பாக்கறே? பதினாலு வருஷம். அப்பா செத்த சேதி இதுலதான் வந்துச்சு. விசா வந்த சேதி இதுலதான். டீச்சரம்மாவுக்குப் பென்ஷன் ஏறினா அவங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். கோழிக்கடைக்காரி பையன் பாஸாயிட்டான்னு அவ புருஷனுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். அதெல்லாம் பேப்பர்ல வராதாம்.

— அதைத்தான் கேக்கறேன். இவ்வளவையும் ஏன்க்கா குடுத்தே? வீடும் போச்சே. இப்ப அந்த எண் அவர் போனுக்கே நேராப் போகுமே!

— போகாது.

— போகாதா?

— போன மாசம் அந்த முதல் ஓடிபி வந்துச்சில்ல, அன்னைக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சேன். மூணு மாசத்துக்கு முன்னால போன் கம்பெனிக்காரன் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான். சிம் உரிமையாளர் நேர்ல வந்து சரிபார்க்கணும்னு. உரிமையாளர்னு அண்ணன் பேரு. அப்பதான் எனக்கே உறைச்சுச்சு. பதினாலு வருஷமா வேற ஆள் சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியறோம்னு. அவன் எப்ப வேணும்னாலும் கழட்டிக் குடுன்னு கேக்கலாம். அதனால மாடி வீட்டு டீச்சரம்மாகிட்டச் சொல்லி அம்மாவுக்கு ஒரு போன் வாங்க வெச்சேன். அம்மா பேர்லயே, அம்மா அட்டையிலயே. அடுத்த நாளே பதிவு ஆபீஸ்ல மனு. வீட்டுக் காகிதத்துல நம்பரை மாத்துங்கன்னு. இருபது நாள் ஆச்சு, மாறிடுச்சு. என் பேங்கையும் இந்த நாட்டு நம்பருக்கு மாத்திட்டேன்.

— அடிப்பாவி! அப்ப அவர் காலையிலருந்து கடை ஏறி இறங்கினதெல்லாம்...

— வெறும் நம்பருக்கு.

— அப்புறம் எதுக்கு இந்த ஓட்டைப் போனைக் காலையிலருந்து குழந்தை மாதிரிப் படுக்க வெச்சிருந்தே?

— வெறும் நம்பர்னாலும் என் நம்பராச்சே. போறதைப் பாக்காம இருக்க முடியுமா? தெருவுக்கும் அதுலதான எல்லாமே. இனி கேஸ் புக் பண்ணினா ஓடிபி அண்ணன் போனுக்குத்தான் போகும். கோழிக்கடைக்காரி காலையில அஞ்சு மணிக்கு அவனை எழுப்புவா. எழுப்பட்டும்.

— அப்ப வீடு பிழைச்சுதா? சிரிக்கவாவது செய்யேன்.

— சிரிக்கறதுக்கு இன்னும் நேரமிருக்கு. எண் இப்ப அம்மா போனுக்கு வரும். அம்மா அவன் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்காங்க.

— அதனால என்ன? அம்மாவும் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டா முடிஞ்சுது.

— உனக்கு எங்க அம்மாவைத் தெரியாது. பிறந்ததுலருந்து அவனுக்கு இல்லைங்கற வார்த்தையைச் சொன்னதில்ல. மீன் துண்டுல பெரிசு அவனுக்கு. ஒரே குடை இருந்தா அவனுக்கு. அவன் கோவிச்சுக்கிட்டு ஒரு வேளை சாப்பிடலைன்னா இவங்க ரெண்டு வேளை சாப்பிட மாட்டாங்க. போன மாசம் வீட்டு வரின்னு ஏமாத்தினானே, அதைச் சொன்னதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? அவனுக்கு என்ன கஷ்டமோன்னாங்க.

— எண்ணைப் படிக்கத் தெரியுமா அவங்களுக்கு?

— தெரியாது. போனை அவன் கையில குடுத்து நீயே பாத்துக்கோடான்னாங்கன்னா தீர்ந்துச்சு. அதான் பயம். ஒரு மாசமா சாயங்காலமானா மாடி வீட்டுக்குப் போயிடறாங்களாம், பேச்சுத் துணைக்கு. டீச்சரம்மாவாவது தைரியம் சொல்லி அனுப்பியிருக்கணும்.

— நீ சொல்லலையா? யார் கேட்டாலும் குடுக்காதன்னு?

— சொல்லல.

— ஏன்?

— அண்ணன் பேச்சைக் கேட்டு வண்டியில ஏறினாங்க. என் பேச்சைக் கேட்டு இறங்கணுமா? வீடு அவங்களோடது. பதினாலு வருஷமா அவங்க ஓடிபிக்கு நான் பதில் சொன்னேன். ஒரு தடவை அவங்க சொல்லட்டும். குடுத்தாங்கன்னா குடுத்ததுதான். பிடி, இது இரட்டைக் கட்டில் ஷீட்டு, கனமா இருக்கும்.

— அக்கா, இப்பதான் எனக்கு ஒரு யோசனை வருது. என் ஊர் சிம் வாங்கறப்ப என் கூட எங்க சித்தப்பா வந்தாரு.

— கையெழுத்து யாரு போட்டா?

— அவருதான் போட்டிருப்பாரு. நான் கடை வாசல்ல நின்னு கலர் கலரா கவர் பாத்துக்கிட்டு இருந்தேன்.

— கேட்டுத் தெரிஞ்சுக்கோ. அவர் நல்ல மனுஷனாவே இருக்கட்டும். அப்பவும் உன் பேருக்கு மாத்திக்கோ.

— அக்கா, அடிக்குது. பெரிய போன். உங்க அண்ணன்.

— போடு ஸ்பீக்கர்ல.

— பாப்பா! என்ன பண்ணித் தொலைச்சே?

— என்னண்ணே? நம்பர் கிடைச்சுதா?

— கிடைச்சுது. என் போன்லதான் இருக்கு. கவுன்டர்ல எண் அனுப்பிட்டேங்கறான், எனக்கு ஒண்ணும் வரல. ரெண்டு தடவை அனுப்பச் சொன்னேன். அப்புறம் பாத்துட்டுச் சொல்றான், இந்தக் காகிதத்துல இருக்கறது வேற நம்பராம். கடைசியில நாப்பத்திரெண்டாம். யாரோடது அது? அந்த மாடி வீட்டுக்காரியா?

— இல்ல. உன் பக்கத்துல உக்காந்திருக்கறவங்களோடது.

— யாரு, வாங்கறவரா?

— அந்தப் பக்கம் திரும்புண்ணே.

— ...அம்மாவா? விளையாடறியா? அம்மாவுக்கு ஏது போன்? ஒண்ணு ரெண்டு கூடத் தெரியாதே!

— பேப்பரை எடுத்துப் பாரு. அவங்க பேர்லதான் இருக்கு.

— அம்மா... அம்மா, உன்கிட்டப் போன் இருக்கா? என்கிட்டச் சொல்லவே இல்ல? எங்க, பையிலயா? குடும்மா. வந்திருக்கும் பாரு, ரெண்டு தடவை அனுப்பியிருக்கான். கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்கம்மா.

— அக்கா, அம்மா குடுத்துடுவாங்களோ...

— ஷ். பேசாத.

— அம்மா, குடும்பம்னு வந்துட்டா... அந்த மனுஷன் குழந்தையோட வந்திருக்காரும்மா. என் மானம் போகும். உனக்குத்தான ரூம் ஒதுக்கியிருக்கேன்? நான் உன் புள்ளைதான? பாப்பா, நீ சொல்லு அம்மாகிட்ட. உன் பேச்சைத்தான் இப்பக் கேக்கறாங்க போலருக்கு.

— அம்மா, நான்தாம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உன் வீடு, உன் போனு.

— கத்தாதடா. நாலு பேர் திரும்பிப் பாக்கறாங்க. பையை ஏன் பிடுங்கறே? விடு. நானே எடுக்கறேன்.

— எடும்மா, எடு. ஸ்கிரீனைத் தொட்டா வெளிச்சம் வரும். என்கிட்டக் குடு, நான் பாத்துக்கறேன்.

— எனக்குத் தெரியும். இரு. ம்... வந்திருக்கு. ஆறு எண். முதல்ல ஏழு. அப்புறம் முட்டை. அப்புறம்... ம், படிச்சுட்டேன்.

— அம்மா! நீ படிச்சியா?

— ஒரு மாசமா டீச்சரம்மா வீட்டுக்குப் பேச்சுத் துணைக்கா போனேன்? காலண்டரை மடியில வெச்சுக்கிட்டு எண்ணு படிச்சேன்டா.

— சரி, நல்லது, ரொம்ப சந்தோஷம். முழுசும் சொல்லும்மா. சீக்கிரம். பத்து நிமிஷம்தான் அதுக்கு ஆயுசு.

— பத்து நிமிஷம்தானா?

— ஆமாம்மா!

— சரி. அப்ப பத்து நிமிஷம் உக்காந்திருப்போம். வா, நீயும் உக்காரு. காலையிலருந்து நின்னுக்கிட்டே இருக்கே, கால் வலிக்கும்.

— அம்மா, என்னம்மா பேசறே? இந்த நம்பரை வாங்க காலையிலருந்து நாய் மாதிரி அலைஞ்சேன். தங்கச்சி நம்பரைப் பிடுங்கின பாவமும் எனக்கு!

— வெச்சுக்கோடா அந்த நம்பரை. உன்னை ராத்திரி பகலா யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. கண்ணு, நீ லைன்ல இருக்கியா?

— இருக்கேம்மா.

— உனக்கு ஒரு வாரமா ஓடிபியே வந்திருக்காதே, தெரு உன்னை மறந்துட்டுதுன்னு மனசு கஷ்டப்பட்டிருப்பே. இவன் உன் நம்பரைப் பிடுங்க சிம் கடையில விசாரிச்சது கோழிக்கடைக்காரி காதுல விழுந்துச்சு, பதினோரு பேரும் வேலையைப் போட்டுட்டுப் போயி, வரிசையில நின்னு என் நம்பரை எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாங்க. இந்த வாரத்துல மட்டும் மூணு வீட்டுக்கு கேஸ் வந்துச்சு, மூணுக்கும் நான்தான்டி படிச்சுச் சொன்னேன்.